மார்புக்குள் சிக்கிய காற்று: கேசுவால்ட்டியில் நியூமோதொராக்ஸைக் கையாளும் முறை

கேசுவால்ட்டியில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவருக்கும் அவர் பக்கத்தில் நிற்கும் செவிலியருக்கும் எழுதப்பட்ட குறிப்பு இது. நுரையீரலைச் சுற்றியுள்ள இரு சவ்வுகளுக்கு இடையே காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடுவதே நியூமோதொராக்ஸ். விபத்தில் விலா எலும்பு குத்தினாலும் வரும், கத்திக்குத்தில் வரும், கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்தக் குழாய்க்குள் சென்ட்ரல் லைன் போடும்போது ஊசி தவறினாலும் வரும். நெடுநெடுவென்று வளர்ந்த ஒல்லியான இளைஞருக்குக் காரணமே இல்லாமலும் வரும். காசநோயோ சி.ஓ.பி.டி. எனும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயோ உள்ள நுரையீரலில் வந்தால், அளவு சிறியதாக இருந்தாலும் ஆளைச் சாய்த்துவிடும்.

எல்லாவற்றுக்கும் காற்றை வெளியேற்ற மார்பில் குழாய் போடத் தேவையில்லை. சிலருக்கு எக்ஸ்ரே வரும்வரைகூடக் காத்திருக்க முடியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் பாதி வேலை அடங்கியிருக்கிறது. பிரித்துக் காட்டுவது காற்றின் அளவு இல்லை. நோயாளியின் மூச்சும் ரத்த அழுத்தமும்தான்.

முதலில் பார்க்க வேண்டியது: டென்ஷனா?

கிழிசல் ஒருவழிக் கதவாக மாறி, இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் காற்று உள்ளே போய், வெளியே வராமல் தேங்கினால் அது டென்ஷன் நியூமோதொராக்ஸ். அழுத்தம் ஏற ஏற இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, மறுபக்க நுரையீரலும் நெருக்கப்படுகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கண், காது, கை போதும்.

பாடப்புத்தக அடையாளங்களை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: மூச்சுக்குழல் மறுபக்கம் விலகும், கழுத்து நரம்பு புடைக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். மூன்றையும் எதிர்பார்த்து நின்றால் தாமதமாகிவிடும். மூச்சுக்குழல் விலகுவது கடைசிக் கட்டம். வேறெங்கோ ரத்தம் இழந்தவருக்குக் கழுத்து நரம்பு புடைக்காது. தானாக மூச்சுவிடும் நோயாளியிடம் முதலில் தெரிவது கடும் மூச்சிறைப்பு, வேகமான நாடி, படபடப்பு, இறங்கிக்கொண்டே போகும் ஆக்சிஜன் அளவு. ரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும். அந்தப் பக்க மார்பு உப்பி, அசைவின்றி இருக்கும். தட்டினால் கூடுதலாக ஒலிக்கும். ஸ்டெத் வைத்தால் மூச்சொலி இருக்காது.

வென்டிலேட்டரிலோ ஆம்பு பேக்கிலோ (கையால் அழுத்திக் காற்றூட்டும் பை) இருப்பவருக்குக் கதை வேறு. நாமே அழுத்தத்தோடு காற்றைத் தள்ளுவதால் சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். பேக் அழுத்த முடியாமல் கல்லாகும், ஏர்வே பிரஷர் அலாரம் அடிக்கும். ஊசியை எடுக்கும் முன் சில விநாடிகளில் மூன்றைப் பாருங்கள். வாய் வழியே மூச்சுக்குழலில் போட்ட டியூப் வலப்பக்க மூச்சுக்கிளைக்குள் இறங்கியிருக்கிறதா? இறங்கியிருந்தால் இடப்பக்கம் மூச்சொலி கேட்காது. பெரியவர்களுக்கு உதட்டருகே பொதுவாக 21 முதல் 23 செ.மீ. குறி இருக்க வேண்டும். டியூப் சளியால் அடைத்திருக்கிறதா? சக்ஷன் கதீட்டர் இறங்குகிறதா என்று பாருங்கள். ஆஸ்துமா நோயாளியின் மார்பில் காற்று வெளியேறாமல் அடுக்கடுக்காகத் தேங்கியிருக்கிறதா? வென்டிலேட்டரைக் கழற்றி முழுதாக மூச்சு வெளியேற விட்டால் தெரிந்துவிடும்.

இவற்றில் எதுவும் இல்லை, நோயாளி சரிந்துகொண்டிருக்கிறார் என்றால் எக்ஸ்ரே கேட்டு அனுப்பாதீர்கள். அல்ட்ராசவுண்ட் கையருகே இருந்தால் அரை நிமிடம் வைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ஊசியால் அழுத்தத்தை இறக்குவது

ஆக்சிஜனை மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வையுங்கள். பெரியவர்களுக்கு நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியில், அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்பாகக் குத்த வேண்டும். 2018இல் வந்த ஏ.டி.எல்.எஸ். (விபத்து நோயாளிகளுக்கான சிகிச்சைப் பயிற்சி நூல்) பத்தாம் பதிப்பு பெரியவர்களுக்கு இந்த இடத்துக்கு மாறியது. குழந்தைகளுக்குப் பழையபடி இரண்டாம் இடைவெளி, காலர் எலும்பின் நடுக்கோடு. மாற்றத்துக்குக் காரணம் மார்புச் சுவரின் தடிமன். முன்பக்கம் தசையும் கொழுப்பும் தடித்திருப்பவர்களிடம் ஊசி உள்ளே எட்டாமலே நின்றுவிடும்.

சாதாரண ஆரஞ்சு நிற 14 கேஜ் கேனுலாவின் நீளம் ஏறத்தாழ 5 செ.மீ.தான். அந்த நீளம் பாதிப் பேருக்குச் சற்று மேல்தான் எட்டும், 8 செ.மீ. நீள ஊசி பத்தில் ஒன்பது பேருக்கு எட்டும் என்கிறது அதே ஏ.டி.எல்.எஸ். நீள ஊசி உங்கள் கிராஷ் கார்ட்டில் இருக்கிறதா என்பதைப் பணி தொடங்கும்போதே பாருங்கள். இல்லையென்றால் இருப்பதைக் கொண்டு தாமதிக்காமல் செய்யுங்கள். எட்டவில்லை என்றால் அடுத்த ஊசி தேடி நிற்காமல், கீழே 'விரல்' பகுதியில் சொல்வதுபோல் கத்தியையும் விரலையும் பயன்படுத்துங்கள்.

தோலைத் துடையுங்கள். 10 மி.லி. சிரிஞ்சில் 3 மி.லி. சலைன் எடுத்துக் கேனுலாவின் பின்னால் மாட்டினால், உள்ளே போனதும் பிஸ்டனை இழுக்கும்போது குமிழி கொப்பளிப்பது கண்ணுக்குத் தெரியும். சத்தம் மிகுந்த கேசுவால்ட்டியில் 'உஸ்' ஒலியைக் காதால் கேட்பதைவிட இது நம்பகமானது. கீழ் விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி, மார்புச் சுவருக்குச் செங்குத்தாகக் குத்துங்கள். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் நரம்பும் தமனியும் ஓடுகின்றன. அதனால்தான் எப்போதும் மேல் விளிம்பு. குமிழி வந்ததும் ஊசியை வெளியே இழுத்து, பிளாஸ்டிக் உறையை மட்டும் உள்ளே தள்ளிவிட்டு விடுங்கள்.

முன்பக்கம் இரண்டாம் இடைவெளியில் குத்த நேர்ந்தால் நடக்கும் பெரிய தவறு, மார்பெலும்பை ஒட்டிப் போய்விடுவது. காலர் எலும்பின் நடுக்கோடு பலர் நினைப்பதைவிட வெளியே இருக்கிறது. எலும்பின் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்த பிறகே நடுவைத் தீர்மானியுங்கள். உள்பக்கம் விலகினால் மார்பெலும்பின் ஓரமாக ஓடும் தமனியும், அதற்கும் உள்ளே பெரிய ரத்தக் குழாய்களும் காத்திருக்கின்றன.

ஊசி வேலை செய்தால் நாடி இறங்கும், ஆக்சிஜன் ஏறும், பேக் இளகும். ஆனாலும் அந்தப் பிளாஸ்டிக் உறை வளையும், மடியும், ரத்தம் உறைந்து அடைக்கும். பத்து நிமிடத்தில் நோயாளி மறுபடி சரிந்தால் வியப்படைய வேண்டாம். ஊசி வாங்கித் தருவது கொஞ்சம் நேரம்தான், அந்த நேரத்தில் குழாய் போட ஆயத்தமாகுங்கள். உள்ளே டென்ஷன் இல்லாமல் இருந்திருந்தாலும், நீங்கள் குத்திய ஊசியே நுரையீரலைக் கீறிப் புதிதாக ஒரு நியூமோதொராக்ஸை உண்டாக்கியிருக்கலாம். எப்படியாயினும் அந்த மார்பைக் கவனிக்காமல் விடக் கூடாது.

விரல்

வென்டிலேட்டரில் இருப்பவருக்கோ, விபத்தில் இதயம் நின்றவருக்கோ ஊசியைவிட விரல் நம்பகமானது. அக்குளுக்குக் கீழே ஐந்தாம் இடைவெளியில் 3 முதல் 4 செ.மீ. கீறி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் தசையை விலக்கி, ப்ளூரா எனும் நுரையீரலைச் சுற்றிய சவ்வைத் துளைத்து, கையுறை போட்ட விரலை உள்ளே விட வேண்டும். காற்று வெளியேறும், நுரையீரல் விரலில் வந்து முட்டுவது தெரியும். அழுத்தத்தோடு காற்று தள்ளப்படும் நோயாளிக்கு அந்தத் துளையைத் திறந்தே விட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாம்; மறுபடி சரிந்தால் அதே துளையில் விரலை விட்டுத் திறந்துவிடலாம். தானாக மூச்சிழுப்பவருக்கு இப்படித் திறந்து விடக் கூடாது. அவர் இழுக்கும் மூச்சு அந்தத் துளை வழியே போகும். அவருக்கு உடனே குழாய்.

விபத்தில் இதயம் நின்று வந்தவருக்கு இரு பக்கமும் விரல் விடுவது உயிர்ப்பிக்கும் முயற்சியின் பகுதி. எந்தப் பக்கம் என்று ஆராய்ந்துகொண்டிருக்க அங்கே நேரமில்லை. உள்ளே உடைந்த விலா எலும்பின் முனை கூராக நிற்கும், கையுறையோடு உங்கள் விரலையும் கிழிக்கும். இரண்டு கையுறை போடுங்கள், விரலை மெதுவாகச் சுழற்றுங்கள்.

மார்பில் திறந்த காயம் இருந்தால்

மூச்சோடு காற்றை உறிஞ்சும் காயத்தின் மீது காயத்தைவிடப் பெரிய, காற்றுப் புகாத துண்டை வைத்து மூன்று பக்கம் மட்டும் பிளாஸ்டர் ஒட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது அது ஒட்டிக்கொள்ளும், விடும்போது நான்காம் பக்கம் வழியே காற்று வெளியேறும். ரத்தத்தில் நனைந்தால் நான்காம் பக்கமும் ஒட்டிக்கொண்டு டென்ஷன் ஆகலாம். அப்படி நோயாளி மோசமானால் துண்டை ஒரு முறை தூக்கி விடுங்கள். காயத்தின் வழியாகவே குழாயைச் செருகாதீர்கள். வேறு இடத்தில் கீறிப் போடுங்கள்.

நேரம் இருக்கும் நோயாளி

நிலையாக இருப்பவருக்குப் படம் எடுக்கலாம், யோசிக்கலாம். நிற்க முடிந்தால் நின்றபடி எடுத்த எக்ஸ்ரே போதும். மூச்சை வெளிவிட்டு எடுக்கும் படம் வழக்கமாகத் தேவையில்லை. நுரையீரலின் விளிம்பு மெல்லிய வெள்ளைக் கோடாகவும், அதற்கு வெளியே ரத்தக் குழாய்த் தடங்கள் இல்லாமலும் இருக்கும். இதைப் போலவே தோன்றி ஏமாற்றும் தோல் மடிப்பின் கோடு மார்பைத் தாண்டியும் நீளும், அதற்கு வெளியேயும் தடங்கள் தெரியும். படுத்த நிலையில் எடுத்த படத்தில் காற்று முன்பக்கம் ஏறிவிடுவதால் விளிம்பே தெரியாமல் போகலாம். உதரவிதானத்தின் வெளி மூலை வழக்கத்துக்கு மாறாக ஆழமாகவும் கருப்பாகவும் இருக்கிறதா என்று பாருங்கள்.

படுத்திருப்பவருக்கு அல்ட்ராசவுண்ட் மேல். லீனியர் புரோபை இரண்டாம் அல்லது மூன்றாம் இடைவெளியில் நெடுக்காக வையுங்கள். இரு விலா நிழல்களுக்கு நடுவே வெளிச்சமான கோடு மூச்சோடு வழுக்கிச் சென்றால் அந்த இடத்தில் நியூமோதொராக்ஸ் இல்லை. வழுக்கவில்லை என்பதால் மட்டும் இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. பழைய காசநோயில் நுரையீரல் சுவரோடு ஒட்டிப்போயிருந்தாலும் வழுக்காது, டியூப் மறுபக்கம் இறங்கியிருந்தாலும் வழுக்காது. வழுக்கும் பகுதியும் வழுக்காத பகுதியும் சந்திக்கும் இடம் ஒரே திரையில் தெரிந்தால் அது உறுதியான அடையாளம்.

பெரிய புல்லா (நுரையீரலுக்குள்ளேயே உருவான காற்றுப் பை) ஒன்றை நியூமோதொராக்ஸ் என்று நினைத்துக் குழாய் போடுவது சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு நேரும் கொடுமையான தவறு. நுரையீரலுக்குள்ளேயே குழாய் போய், மூடாத காற்றுக் கசிவு உண்டாகும். விளிம்புக் கோடு மார்புச் சுவரை நோக்கிக் குவிந்திருக்காமல் உள்நோக்கிக் குழிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். நோயாளி நிலையாக இருந்தால் சி.டி. எடுத்துவிட்டே கத்தியை எடுங்கள்.

அடுத்து, யாருக்கு என்ன? முன்பெல்லாம் ஹைலம் (ரத்தக் குழாய்களும் மூச்சுக்கிளையும் நுரையீரலுக்குள் நுழையும் இடம்) மட்டத்தில் காற்றின் அகலம் 2 செ.மீ.யைத் தாண்டினால் வெளியேற்று என்பது விதி. 2023இல் வந்த பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டி வழிகாட்டி, அளவைவிட நோயாளியின் தொந்தரவை முன்னே வைத்தது. அது சரியான மாற்றம் என்பதே நம் கருத்தும். 2020இல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில், வேறு நுரையீரல் நோய் இல்லாமல் தானாக வந்த நடுத்தர, பெரிய நியூமோதொராக்ஸ் நோயாளிகளில் ஒரு பாதியைக் குழாய் போடாமல் கவனித்தார்கள். அவர்களில் 85 சதவீதத்தினருக்குக் கடைசிவரை குழாயே தேவைப்படவில்லை.

ஆகவே இளைஞர், முதல் முறை, நடந்தால் மூச்சு வாங்கவில்லை, ஆக்சிஜன் இல்லாமலே அளவு நன்றாக இருக்கிறது என்றால் குறைந்தது 4 மணி நேரம் வைத்திருந்து மறுபடி படம் எடுங்கள். கூடவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்பலாம். மருத்துவமனைக்கு விரைவாகத் திரும்பி வரக்கூடிய தூரத்தில் வீடு இருக்க வேண்டும், உடன் ஒருவர் இருக்க வேண்டும். காற்று நாளுக்குச் சுமார் 2 சதவீதம் என்ற வேகத்தில்தான் உறிஞ்சப்படும், வாரக்கணக்கில் ஆகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரப் படத்தில் காற்றைப் பார்த்து வேறொரு மருத்துவர் குழாய் போட்டுவிடுவார்.

மூச்சிறைப்பு இருக்கிறது, ஆனால் நிலையாக இருக்கிறார் என்றால் 16 அல்லது 18 கேஜ் கேனுலா, மூவழி அடைப்பான், 50 மி.லி. சிரிஞ்சு கொண்டு காற்றை உறிஞ்சிப் பார்க்கலாம். இருமல் வந்தாலோ, இழுப்பது கடினமானாலோ நிறுத்துங்கள். 2.5 லிட்டர் இழுத்தும் தீரவில்லை என்றால் கிழிசல் இன்னும் திறந்திருக்கிறது, குழாய்தான் வழி.

காசநோய், சி.ஓ.பி.டி. போன்ற நுரையீரல் நோய் உள்ளவர், 50 வயதைத் தாண்டி நெடுங்காலம் புகைத்தவர், இரு பக்கமும் உள்ளவர், ரத்தமும் சேர்ந்தவர், ஆக்சிஜன் இறங்கியவர்: இவர்களிடம் தாராளம் காட்ட முடியாது. மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டும், பெரும்பாலும் குழாயும் தேவைப்படும். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 சதவீதம். மயக்க மருந்தோ வென்டிலேட்டரோ தேவைப்படும் நோயாளிக்குச் சிறிய நியூமோதொராக்ஸ் இருந்தாலும் முதலில் குழாயைப் போடுவதே பாதுகாப்பு. நைட்ரஸ் ஆக்சைடு கூடவே கூடாது. அது காற்றுப் பையைப் பெரிதாக்கும்.

ஐ.சி.டி. (மார்புக் குழாய்) போடுவது

நல்ல வெளிச்சம், படுக்கைத் தலைப்பகுதி 30 முதல் 45 டிகிரி உயரம், அந்தப் பக்கக் கை தலைக்குப் பின்னால். கை நழுவாமல் பிடிக்க ஒருவர் வேண்டும். பக்கத்தை எக்ஸ்ரேயோடும் ஸ்டெத்தோடும் இரண்டு முறை சரிபாருங்கள். எக்ஸ்ரேயைத் திருப்பி மாட்டி மறுபக்கம் கீறிய கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. குழாய் போடும் முன்பே பாட்டிலைத் தயார் செய்யுங்கள்: கிருமியற்ற சலைன் குறி வரை, கண்ணாடிக் குச்சி அல்லது குழாயின் முனை நீருக்குள் 2 செ.மீ. அதைவிட ஆழமானால் காற்று வெளியேறச் சிரமப்படும். நீருக்கு மேலே நின்றால் மார்பு வெளிக்காற்றுக்குத் திறந்துவிட்டது என்று அர்த்தம். தொடக்க நீர் மட்டத்தைப் பிளாஸ்டரில் எழுதி ஒட்டுங்கள்.

குழாய் அளவு: விபத்தில் ரத்தமும் காற்றும் சேர்ந்திருந்தால் 28 முதல் 32 ஃபிரெஞ்ச் (குழாயின் பருமனைச் சொல்லும் அலகு). தானாக வந்த வெறும் காற்றுக்கு 14 ஃபிரெஞ்ச் வழிகம்பிக் குழாய் போதும். அது இல்லாத இடத்தில் 20 முதல் 24.

இடம்: முன்னே பெக்டோராலிஸ் தசையின் ஓரம், பின்னே லாட்டிசிமஸ் தசையின் ஓரம், கீழே ஐந்தாம் இடைவெளி. இந்த முக்கோணத்துக்குள் இருங்கள். மார்பகம் இடம் மாறும் என்பதால் பெண்களிடம் காம்பை அடையாளமாக வைக்காமல், மார்பெலும்பில் தட்டுப்படும் மேட்டிலிருந்து இரண்டாம் விலா தொடங்கி எண்ணி வாருங்கள். மூச்சை முழுதாக விடும்போது உதரவிதானம் நான்காம் இடைவெளி உயரம் வரை ஏறும். ஐந்தாம் இடைவெளிக்குக் கீழே போனால் வலப்பக்கம் கல்லீரலும் இடப்பக்கம் மண்ணீரலும் உங்கள் குழாயின் பாதையில் இருக்கும்.

மரத்துப்போக வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்ன் கிலோவுக்கு 3 மி.கி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 180 மி.கி., அதாவது 2 சதவீத மருந்தில் 9 மி.லி. அதோடு 9 மி.லி. சலைன் கலந்தால் 1 சதவீதத்தில் 18 மி.லி. கிடைக்கும், பரவலாகப் போட அதுவே வசதி. தோல், தசை, விலா எலும்பின் மேலுறை, ப்ளூரா என்று படிப்படியாகப் போங்கள். வலி அதிகம் உணர்வது எலும்புறையும் ப்ளூராவும்தான். பலர் தோலோடு நிறுத்திவிடுகிறார்கள். ஊசியை இழுத்தபடி முன்னேறும்போது காற்று வந்தால் ப்ளூராவைத் தாண்டிவிட்டீர்கள், சற்றுப் பின்னிழுத்து மீதியைப் போடுங்கள். காற்றே வரவில்லை என்றால் அந்த இடத்தில் கீறாதீர்கள், மறுபடி படத்தைப் பாருங்கள். இரண்டு, மூன்று நிமிடம் காத்திருங்கள். ரத்த அழுத்தம் அனுமதித்தால் சிரை வழியே ஃபென்டனில் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் வரை கொடுக்கலாம்.

விலா எலும்புக்கு இணையாக 3 முதல் 4 செ.மீ. கீறுங்கள். வளைந்த ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை மூடிய நிலையில் உள்ளே தள்ளி, விரித்தபடி வெளியே இழுத்து, தசைகளை விலா எலும்பின் மேல் விளிம்பு வரை பிரியுங்கள். ப்ளூராவைத் துளைக்க அழுத்தம் தேவைப்படும். ஃபோர்செப்ஸின் முனையிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் ஆள்காட்டி விரலை அணைத்துப் பிடித்தால் திடீரென்று ஆழமாகப் பாயாது. சட்டென்று விடுபடும் உணர்வும் காற்றும் வந்ததும் ஃபோர்செப்ஸை விரித்தபடியே வெளியே எடுங்கள்.

இப்போது விரல். இந்தப் படியைத் தவிர்ப்பதால்தான் பெரும்பாலான ஐ.சி.டி. விபத்துகள் நடக்கின்றன. விரலை முழுதாக விட்டுச் சுற்றிலும் தடவுங்கள். வழுவழுப்பான விலாவின் உட்பக்கம் தட்டுப்பட்டால் மார்புக்குள் இருக்கிறீர்கள். நுரையீரல் சுவரோடு ஒட்டியிருந்தால் விரலுக்குத் தெரியும். மெல்லிய ஒட்டுதல் விலகும், அழுத்தமான ஒட்டுதலை வலிந்து பிரிக்காமல் வேறு இடைவெளிக்குப் போங்கள். கீழே மிருதுவாக மேலும் கீழும் அசைவது தட்டுப்பட்டால் அது உதரவிதானமாக இருக்கலாம், நீங்கள் தாழ்ந்து வந்துவிட்டீர்கள்.

குழாயோடு வரும் டிரோக்கார் எனும் கூர்மையான குத்துக் கம்பியைத் தட்டோடு ஒதுக்கி வையுங்கள். அதைப் பயன்படுத்தி இதயத்தையும் கல்லீரலையும் துளைத்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு. குழாயின் முனையை ஃபோர்செப்ஸால் பிடித்து, விரலின் ஓரமாகவே உள்ளே செலுத்துங்கள். காற்றுக்கு மேல்நோக்கி முன்பக்கம், ரத்தத்துக்குப் பின்பக்கம். எங்கே போய் நின்றாலும் ப்ளூராவுக்குள் இருந்தால் பெரும்பாலும் வேலை செய்யும், திசைக்காக வம்பு செய்ய வேண்டாம். சராசரிப் பெரியவருக்குத் தோல் மட்டத்தில் 10 முதல் 12 செ.மீ. குறி, கொழுத்த உடலுக்குக் கூடுதலாக. கடைசி ஓட்டை நிச்சயமாக மார்புக்குள் இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் குழாயின் வெள்ளைக் கோடு அறுபடும் இடமே அந்த ஓட்டை. அது விலா எலும்புகளுக்கு வெளியே தெரிந்தால் தோலுக்கடியில் காற்று ஏறி, தொட்டால் நறநறக்கும். வெளியே வந்த குழாயைத் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். கிருமியும் சேர்ந்து போகும். புதிதாகப் போடுங்கள்.

தடித்த பட்டு நூல், ஒன்றாம் எண், கொண்டு தோலோடு தைத்து, குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். குழாயை நெரிக்கும் அளவுக்கு வேண்டாம். சுருக்குப்பை போன்ற தையல் அசிங்கமான வடுவையும் வலியையும் தரும், தேவையில்லை. இணைப்புகளை நீளவாக்கில் பிளாஸ்டரால் ஒட்டுங்கள். சுற்றி மூடிவிட்டால் உள்ளே கழன்றது தெரியாது. விபத்து நோயாளிக்கு செஃபசோலின் போன்ற ஒரு ஆன்டிபயாடிக்கைக் குழாய் போடும் நேரத்தில் கொடுங்கள்.

பாட்டிலைப் படிக்கத் தெரிய வேண்டும்

தானாக மூச்சுவிடுபவருக்கு இழுக்கும்போது குழாயில் நீர் ஏறி, விடும்போது இறங்கும். வென்டிலேட்டரில் தலைகீழ். வார்டில் 'காலம் (column) மூவ்மென்ட்' என்று எழுதுவது இதைத்தான். அசைவே இல்லையென்றால் நோயாளி குழாய் மீது படுத்திருக்கிறாரா, மடிந்திருக்கிறதா, ரத்தக் கட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நுரையீரல் முழுதாக விரிந்து குழாயை மூடிவிட்டாலும் அசைவு நிற்கும்; ஸ்டெத்தும் எக்ஸ்ரேயும் எது என்று சொல்லும்.

இருமும்போது மட்டும் குமிழி வந்தால் சிறு கசிவு. ஓயாமல் கொப்பளித்தால் இணைப்பில் ஓட்டை, அல்லது குழாயின் கடைசி ஓட்டை வெளியே, அல்லது பெரிய மூச்சுக்கிளையே கிழிந்திருக்கிறது. மார்பருகே குழாயை விரலால் ஓரிரு விநாடி அழுத்திப் பாருங்கள். குமிழி நின்றால் கசிவு நோயாளியின் பக்கம், நிற்கவில்லை என்றால் குழாய் இணைப்பில். அந்த ஓரிரு விநாடிக்கு மேல், குமிழி வரும் குழாயை ஒருபோதும் கிளாம்ப் செய்யக் கூடாது. கிளாம்ப் போட்டு எக்ஸ்ரேவுக்கு அனுப்பி, வழியிலேயே டென்ஷன் ஆவது தவிர்க்கக்கூடிய மரணம்.

முதலில் சக்ஷன் வேண்டாம். மூன்று நாளுக்கு மேல் சுருங்கிக் கிடந்த நுரையீரலை வேகமாக விரித்தால் அதற்குள் நீர் கோத்துக்கொள்ளும். விடாத இருமலும் மூச்சிறைப்பும் நுரைச்சளியும் அதன் அடையாளம். ஆக்சிஜனும், தேவைப்பட்டால் சி.பி.ஏ.பி.யும் (மாஸ்க் வழியே தொடர் அழுத்தத்தில் காற்று) கொடுங்கள். பிறகு சக்ஷன் தேவைப்பட்டால் 10 முதல் 20 செ.மீ. நீர் அளவுக்குக் கட்டுப்படுத்தியே கொடுக்க வேண்டும்; சுவர் சக்ஷனை அப்படியே நேராக மாட்டக் கூடாது. குழாய் போட்டதும் 1500 மி.லி. ரத்தம் வந்தாலோ, மணிக்கு 200 மி.லி. வீதம் 2 முதல் 4 மணி நேரம் தொடர்ந்தாலோ அறுவைச் சிகிச்சை நிபுணரை அந்த நிமிடமே அழையுங்கள். பாட்டில் ரத்தத்தால் நிரம்ப நிரம்பக் குச்சியின் ஆழம் கூடி, காற்று வெளியேறுவதும் தடைப்படும். பாட்டிலை மாற்றுங்கள்.

குழாய் உள்ளவருக்கு வலி குறையாமல் இருந்தால் இரும மாட்டார், ஆழ்ந்து மூச்சு இழுக்க மாட்டார், சளி தேங்கும். பாராசிட்டமாலை நேரம் தவறாமல் எழுதுங்கள், அது போதாவிட்டால் வேறு வலி மருந்தும் கொடுங்கள். மூன்று பந்து மூச்சிழுப்புப் பயிற்சிக் கருவியை முதல் நாளிலேயே கையில் கொடுங்கள்.

வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போது

தாலுகா மருத்துவமனையிலிருந்து 108இல் ஏற்றும் முன் குழாயில் நீர் அசைகிறதா, தையல் பிடித்திருக்கிறதா, இணைப்புகள் ஒட்டியிருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். பாட்டில் எப்போதும் மார்பு மட்டத்துக்குக் கீழே. ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது யாராவது அதை நோயாளியின் வயிற்றின் மீது வைப்பார்கள், அந்த நொடியில் பாட்டில் நீர் மார்புக்குள் போகும். உடன் போகும் மருத்துவ உதவியாளரிடம் மூன்றைச் சொல்லி அனுப்புங்கள். பாட்டில் உடைந்தால் குழாய் முனையை எந்தச் சுத்தமான நீர்ப் பாட்டிலிலாவது விடு, கிளாம்ப் போடாதே. குழாய் கழன்று விழுந்தால் துளையை மூன்று பக்கம் ஒட்டி மூடு. நோயாளி திடீரென்று மோசமானால் முதலில் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்.

உயரம் ஏறினால் அடைபட்ட காற்று விரியும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்குச் சமவெளியிலிருந்து போனால் மார்புக்குள் மிச்சமிருக்கும் காற்று சுமார் 30 சதவீதம் பெரிதாகும். மலையிலிருந்து கோவைக்கு இறக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை. சிகிச்சை முடிந்து மலைக்குத் திரும்புபவரிடம் கடைசிப் படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

குழாயை எடுப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும்

குமிழி நின்று, நுரையீரல் படத்தில் முழுதாக விரிந்து, ஒரு நாளில் வரும் நீர் 200 மி.லி.க்குக் கீழே வந்தால் எடுக்கலாம். மூச்சை அடக்கி முக்கச் சொல்லி, ஒரே இழுப்பில் எடுத்து, உடனே மூடித் தையலைக் கட்டுங்கள். சில மணி நேரம் கழித்து ஒரு படம். மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் கசிவு நிற்கவில்லை என்றாலோ, அதே பக்கம் இரண்டாம் முறை வந்திருந்தாலோ, மறுபக்கம் வந்திருந்தாலோ நெஞ்சக அறுவை நிபுணரிடம் அனுப்புங்கள்.

காரணம் தெரியாத முதல் நியூமோதொராக்ஸில் சளிப் பரிசோதனையைச் செய்யாமல் அனுப்பாதீர்கள். காசநோய் இப்படியும் தலைகாட்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத வேண்டியவை: புகைப்பதை நிறுத்த வேண்டும், எக்ஸ்ரேயில் முழுதாகச் சரியாகி 7 நாள் ஆகும்வரை விமானம் ஏறக் கூடாது, இரு பக்கமும் அறுவை செய்து சரிசெய்யாதவரை ஸ்கூபா டைவிங் வாழ்நாள் முழுவதும் கூடாது, 2 முதல் 4 வாரத்தில் படத்தோடு வர வேண்டும், திடீர் நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தால் வண்டி ஓட்டிக்கொண்டு வராமல் 108ஐ அழைக்க வேண்டும்.